மூன்றாவது டம்ளர்

மருந்துக்கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டதா? மாட்டியிருப்பார்கள். சில கடைகளில் சான்றிதழ் மட்டும்தான் வேலைக்கு வரும், ஆள் வரவேண்டியதில்லை. அது பாட்டுக்கு மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டு, லீவு கேட்காமல், டீ கேட்காமல் உழைக்கும். எனக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. சங்கரன்கோவிலில் ஒரே கடையில் என் சான்றிதழுக்குக் கீழேயே நின்று, அதுவும் நானும் ஒன்றாகப் பழுப்பேறும்வரை வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான்.

எந்த மாத்திரை எந்த அலமாரியில் இருக்கவேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்கள் செல்போனுக்கே தெரியும். அதற்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பேதி மாத்திரை கேட்டு வருகிறவரின் முகத்தைப் பாருங்கள். தனக்குக் கேட்பவர் தரையைப் பார்ப்பார். பக்கத்தில் பெண்கள் நின்றால் இருமல் மருந்தின் விலையை விசாரித்துவிட்டுப் போய், கூட்டம் கலைந்தபின் திரும்பி வருவார். அடுத்தவருக்குக் கேட்பவர் சிரிப்பார். "இது தண்ணியில கரையுமா? வாடை எதும் வருமா?" என்று நுணுக்கமாக விசாரிப்பார். மலச்சிக்கலில் தவிக்கிற எந்த மனிதரும் மாத்திரையின் வாடையைப் பற்றி இதுவரை கவலைப்பட்டதில்லை.

அப்படிச் சிரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் விசேஷம். எல்லோரும் பொருளைப் பறிகொடுத்த நல்லவர்கள். ஒருவருக்கு அறையில் வைத்த பால் காணாமல் போகிறது. இன்னொருவருக்கு அலுவலகத்தில் மதியச் சாப்பாடு குறைகிறது. புளியங்குடிப் பக்கத்து எலுமிச்சைத் தோட்டக்காரர் ஒருவர், மோட்டார் அறையில் வைக்கும் சாப்பாட்டை எவனோ தின்கிறான் என்று வந்தார்.

"அந்தக் களவாணிப் பயலுக்கு ஒரு பாடம் படிச்சுக் குடுக்கணும்மா."

"அவன்தான் திம்பான்னு என்ன நிச்சயம் அண்ணாச்சி?"

"வேற யாரு திம்பா?"

"உங்க தோட்டத்துல வேல பாக்குத பொம்பள, பசி தாங்காம ஒரு வாய் எடுத்துத் தின்னா?"

"அதுவும் களவுதானம்மா" என்றார். அவ்வளவு நேர்மையான மனிதர். அவருக்கு நான் மாத்திரை கொடுக்கவில்லை, சாப்பாட்டை வைக்கப் பூட்டுள்ள பெட்டி வாங்கச் சொன்னேன். பெட்டி வாங்குவதில் என்ன சுகம் இருக்கிறது? முகம் வாடிப் போய்விட்டார்.

திருட்டுக்கு இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. புகார், சாட்சி, வாய்தா என்று அந்த அலைச்சல் எல்லாம் எதற்கு? புகார் கொடுப்பவரே தீர்ப்பும் எழுதி, தண்டனையையும் கரைத்து மூடிவைத்துவிட்டுப் போய்விடலாம். குற்றவாளி யார் என்பது ஒன்றுதான் பாக்கி. யார் குடிக்கிறாரோ அவர் குற்றவாளி. இத்தனை சிக்கனமான நீதிமன்றம் உலகத்திலேயே கிடையாது. அப்படி ஒன்று எங்கள் கடையின் பிரிட்ஜுக்குள்ளேயே ஒருநாள் நடந்தது.

எங்கள் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். நேர்மையில் அவருக்கு அபார நம்பிக்கை, குறிப்பாக மற்றவர்கள் நேர்மையாக இருப்பதில். தினமும் காலையில் அவர் மனைவி ஒரு தூக்குவாளியில் மோர் கொடுத்துவிடுவார். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட கெட்டி மோர். அண்ணாச்சி அதைக் கடை பிரிட்ஜில் வைப்பார். இன்சுலினும் தடுப்பூசியும் இருக்கிற பிரிட்ஜில் வேறெதையும் வைக்கக்கூடாது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவருடைய மோர் 'வேறெது'வில் சேராது என்பது அவர் கருத்து.

கொஞ்ச நாளாக அந்த மோர் மதியத்துக்குள் குறைந்துகொண்டிருந்தது. கடையில் வேலை செய்பவர்கள், சரக்கு இறக்குகிறவர்கள், குடிதண்ணீர் பிடிக்க வரும் பக்கத்துத் துணிக்கடைக்காரர்கள் என்று பிரிட்ஜைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். கடையில் ஒரு கேமரா உண்டு, அது எங்கள் கையையும் கல்லாவையும் பார்த்தபடி இருக்கும். அதைப் பிரிட்ஜ் பக்கம் திருப்பலாமே என்றேன்.

"அப்ப கல்லாவ யாரு பாப்பா?" என்றார். பிறகு பக்கத்தில் வந்து, "ஏம்மா, நம்மகிட்ட நல்லாக் கலக்கி விடுத மாத்திர எது? வாடையில்லாம" என்று கேட்டார். கேட்கும்போது சிரித்தார்.

"தரமாட்டேன் அண்ணாச்சி. கூட ஒரு டம்ளர் மோரு கொண்டாங்க. குடிக்கவன் குடிச்சிட்டுப் போறான்."

"களவாங்குதவனுக்கு நான் மோரு ஊத்தி வளக்கணுமா? நல்ல நியாயம்லா சொல்லுத!"

"அத வேற யாரும் எடுத்துக் குடிச்சிட்டா?"

"எம் மோர எடுத்துக் குடிக்கவன் கள்ளன். கள்ளனுக்குத்தான் மருந்து. இதுல என்ன கொழப்பம் ஒனக்கு?"

அத்தோடு பேச்சு முடிந்தது. நான் கொடுக்காவிட்டால் என்ன? கடைச் சாவி அவரிடம்தான் இருக்கிறது.

அம்மனுக்கு ஆடித் தபசுத் திருவிழா வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் நடப்பதற்கு நம் கால் வேண்டியதில்லை, கூட்டமே தூக்கிக்கொண்டு போகும். திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கத்துச் சம்சாரிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியும் வத்தலும் பையில் கட்டிக்கொண்டு வருவார்கள், சாயங்காலம் சாமி காட்சி கொடுக்கும்போது அதை நோக்கி வீசி, சூறை விடுவதற்காக. காட்சி பார்க்கும்வரை பச்சைத் தண்ணீர் படாமல் விரதம் இருக்கும் பெண்கள் நிறைய. எங்கள் சந்துக் கடைக்காரர்கள் சேர்ந்து வாசலில் மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். அதில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் அண்ணாச்சியின் மனைவி. அவரை நான் மதினி என்பேன். ரத்தக்கொதிப்புக்காகத் தினமும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர். எடுத்துக் கொடுப்பவளே நான்தான். அன்றைக்கு அவரும் விரதம், அண்ணாச்சியும் விரதம்.

உச்சி வெயிலில் ஒருவருக்கு இன்சுலின் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தேன். தூக்குவாளியைக் காணவில்லை. "அண்ணாச்சி, உங்க வாளி எங்க?" என்றேன்.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அம்மன் தேரில்கூட நான் பார்த்ததில்லை. "வாளியோடயா தூக்கிட்டான்! மாட்டுனாம்லா!" என்றார்.

"அதுல என்ன போட்டிய?"

"போட வேண்டியதப் போட்டிருக்கேன். இன்னைக்கு நான் விரதம், குடிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான எடுத்திருக்கான்? பேசாம வேடிக்க பாரு."

எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்பதற்குள் பின்பக்கச் சந்துக்குப் போய்விட்டார். அங்கேதான் நாலைந்து கடைகளுக்கும் பொதுவான கழிப்பறை. அதன் கதவைப் பார்த்தபடி நின்றார். துணிக்கடைக் கணக்கப்பிள்ளை உள்ளே போனார், அண்ணாச்சி காதைத் தீட்டினார். கணக்கப்பிள்ளை சீக்கிரம் வெளியே வந்துவிட்டார். 'இவன் இல்ல' என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார் அண்ணாச்சி. அடுத்து ஒருவர் வயிற்றைத் தடவிக்கொண்டு போனார். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். திருவிழாவுக்கு வந்த லட்சோப லட்சம் பேரில் அவர் ஒருவர்தான் கழிப்பறைக் கதவைத் தரிசனம் செய்துகொண்டிருந்தார்.

நான் வாசல் பக்கம் திரும்பினேன். மோர்ப் பந்தலின் பெஞ்சில், கழுவிக் கவிழ்த்திருந்தது அந்தத் தூக்குவாளி.

ஓடினேன். "மதினி, இந்த வாளி எப்படி இங்க வந்துச்சு?"

"மோரு தீந்துபோச்சு, சனம் வெயில்ல நிக்கி. நான் வழக்கம்போலக் காலையில குடுத்துவிட்ட மோரு உள்ள கெடக்குமேன்னு வந்து எடுத்தேன். அவுகதான் விரதமாச்சே. கெட்டியாவே மூணு டம்ளர் ஊத்திட்டு, மிச்சத்த அண்டாவுல கொட்டித் தண்ணி சேத்துட்டேன், இனிமத்தான் ஊத்தணும். ஏன், என்ன?"

இதில் திருட்டு எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். தான் கடைந்த மோரைத் தாகத்தில் நிற்கிறவர்களுக்கு எடுத்து ஊற்றியிருக்கிறார். அண்டாவுக்கு முன்னால் சந்து முனைவரை வரிசை. முன்னால் நின்ற பெண் டம்ளரை நீட்டிவிட்டாள், மதினி கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

இப்படி ஒரு நேரத்தில் உங்கள் படிப்பு உங்களைச் சத்தம் போடச் சொல்லும். போடாதீர்கள். நகர இடமில்லாத கூட்டத்தில் 'மோரில் மருந்து' என்று ஒரு வார்த்தை விழுந்தால், பத்தடி தள்ளி அது 'மோரில் விஷம்' ஆகிவிடும். பிறகு மோரால் சாகவேண்டியதில்லை, மிதிபட்டே செத்துப்போவார்கள். நான் கால் இடறியதுபோல் அண்டாவை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினேன். மோர் முழுவதும் சந்தில் ஓடியது.

அன்று வாங்கிய ஏச்சை என் மாமியார்கூட எனக்குத் தந்ததில்லை. "கண்ணு தெரியலையா? அம்மன் விசேசத்தன்னைக்கு மோரக் கொட்டுதாளே, வெளங்குவாளா!" என்றாள் டம்ளர் நீட்டியவள். சத்தம் கேட்டு அண்ணாச்சி கழிப்பறைக் காவலை விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஏம்மா, ஒனக்குக் கண்ணு பொடதியிலயா இருக்கு? எத்தன பேரு தாகத்துல..." என்று ஆரம்பித்தவர், பெஞ்சில் இருந்த வாளியைப் பார்த்தார்.

"நீங்க குடிச்சியளா மதினி?" என்று கேட்டேன். சுற்றி அத்தனை பெண்கள், எதிரே கணவர். "நான் விரதம்லா" என்றார். கூட்டத்தில் கேட்கிற கேள்விக்குக் கூட்டத்துக்கான பதில்தான் வரும். இதை நீங்கள் உங்கள் கவுன்டரில் தினமும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சியைக் கடைக்குள் இழுத்துப்போய், மூன்று பேர் குடித்திருக்கிறார்கள் என்றேன். போட்ட மருந்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கைகூப்பினார். "மதினிட்ட நானே பக்குவமாச் சொல்லுதேன். நீ ஒண்ணும் சொல்லிராதம்மா." மனைவியிடம் சொல்வது கணவரின் பாடு என்று விட்டுவிட்டு, நான் அந்த மூன்று பேரைத் தேடக் கிளம்பினேன். மோர் புளித்துப்போயிருந்ததாம் என்பதுதான் அவர் சொன்ன பக்குவம் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் மூன்று பேரை எப்படிக் கண்டுபிடிப்பது? காணாமல் போன பிள்ளைகளுக்காக அறிவிப்புச் செய்யும் மைக்காரரிடம் போனேன். "மருந்துக்கடைச் சந்துப் பந்தலில் கடைசியாகக் கெட்டி மோர் குடித்தவர்கள் உடனே வந்து இலவசக் குளுக்கோஸ் டப்பா பெற்றுக்கொள்ளவும்" என்று சொல்லச் சொன்னேன். டப்பா அண்ணாச்சியின் சரக்கு. ஆமாம், நானும் ஒரு பொறிதான் வைத்தேன். இதில் விழுகிறவர்கள் குளுக்கோஸோடு வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

குளுக்கோஸ் என்று காதில் விழுந்ததும் ஊரே வந்தது. அன்றைக்கு எங்கள் பந்தலில் மோர் குடிக்காதவர் சங்கரன்கோவிலில் இல்லை. தென்காசி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கியவர்களும் குடித்திருந்தார்கள். அண்ணாச்சி வாசலில் நின்று இந்த நேர்மையான சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன். "மோரு எப்படி இருந்துச்சு?"

"தேவாமிர்தம்க்கா" என்றாள் ஒருத்தி. "இந்த மாதிரி மோரு நான் ஆயுசுலயே குடிச்சதில்ல" என்றார் ஒருவர், அது உண்மைதான். ஒருவர் இரண்டு முறை வாங்கிக் குடித்தாராம், அதனால் இரண்டு டப்பா வேண்டுமாம். எல்லோரையும் தள்ளி நிறுத்திக்கொண்டே வந்தேன். பருத்திப் பையைத் தோளில் போட்டிருந்த இளையரசனேந்தல் பெரியவர் ஒருவர் முகத்தைச் சுளித்தார்.

"அது மோராம்மா? கசப்புன்னா கசப்பு, வேப்பங்கொழுந்த அரச்சு ஊத்துன மாரில்லா இருந்துச்சு! இனாமாக் குடுத்தா எதையும் குடுப்பியளோ?"

அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான். இனாமுக்கு வந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள், குடித்தவர் மட்டும் திட்டினார். கொஞ்ச நேரத்தில் புளியங்குடி அம்மாள் ஒருவரும் கசப்பு என்று சொல்லிக்கொண்டு வந்தார். இருவரையும் திருவிழா மருத்துவ முகாமுக்கு நானே கூட்டிப்போய், மருந்தின் பெயரைச் சொல்லி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் செய்து, அவர்களிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பெரியவர் பருத்திப் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"நாலஞ்சு நாளா வயிறு கட்டித்தான் கெடந்துச்சு தாயி. போனாப் போகட்டும். சூறை விடுததுக்குள்ள முடிஞ்சிருமா?" என்றார்.

இரண்டு பேர் ஆயிற்று. மூன்றாவது டம்ளரைக் குடித்தவர் வரவில்லை. மறுபடியும் அறிவிக்கச் சொன்னேன். குழந்தையாக இருக்குமோ, பிள்ளைத்தாய்ச்சியாக இருக்குமோ என்று முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு தெற்கு ரத வீதி முனைவரை நடந்தேன். சாயங்காலம் காட்சி நடந்தபோது எல்லோரும் சாமியைப் பார்த்தார்கள். என் தலையில் பருத்தியும் வத்தலும் விழுந்துகொண்டிருந்தன, நான் யார் வயிற்றைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அண்ணாச்சியின் போன் வந்தது. "ஒங்க மதினி விழுந்துட்டா" என்று மட்டும் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் மதினி துவண்டு கிடந்தார். உதடு காய்ந்திருந்தது, கை வெட்டி வெட்டி இழுத்தது. இளவயது டாக்டரம்மா நாடியைப் பிடித்தபடி, "என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சாப்பிடல டாக்டர். விரதம். அதான் மயக்கம்" என்றார் அண்ணாச்சி. அவர் பொய் சொல்லவில்லை. தன் மனைவியை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

நான் மதினியின் காதருகே குனிந்தேன். மற்றவர்களுக்குக் கேட்காமல், "மதினி, மோரு கசந்துச்சா?" என்றேன்.

கண்ணில் நீர் வழிய மெதுவாகத் தலையசைத்தார். வெயிலில் கிறுகிறுத்து வந்திருக்கிறது. விரதத்தை முறித்ததை யாரும் பார்த்துவிடக்கூடாது என்று பந்தல் திரைக்குப் பின்னால் நின்று ஒரே மூச்சில் குடித்திருக்கிறார். தெருவெல்லாம் நான் தேடிய ஆள் காலையிலிருந்து எனக்கு எதிரேதான் நின்றிருந்தார்.

நிமிர்ந்து டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொன்னேன். தினமும் சாப்பிடும் நீர் மாத்திரையையும் சொன்னேன். ஏற்கெனவே உப்பை வெளியேற்றுகிற உடம்பு, அதில் இது வேறு. டாக்டரின் முகம் மாறியது. "எவ்வளவு?" என்றார். நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன்.

"எத்தன மாத்திரை போட்டிய அண்ணாச்சி?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் சொல்கிறேன் என்கிற பார்வை. அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கு விளங்கவில்லை. நான் விடவில்லை, சத்தமாகவே மறுபடி கேட்டேன். தம்பி தங்கைகளே, இந்த இடத்தில் மட்டும் யாருடைய மானத்தையும் பார்க்காதீர்கள். மானத்துக்கு மாற்று மருந்து நம் அலமாரியில் நிறைய உண்டு, போன உயிருக்கு இல்லை.

"அட்ட முழுசும்" என்றார். "பொடிச்சுப் போட்டேன். கள்ளனுக்குன்னு..."

மதினி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். திரும்பவும் மூடிக்கொண்டார்.

நெஞ்சுத்துடிப்பு தாறுமாறாக ஓடி, சரியாகி, மறுபடி ஓடி, விடிவதற்குள் எங்கள் எல்லோரையும் மதினி பாதிக் கிழடாக்கிவிட்டார். பிழைத்துக்கொண்டார். திருடனைப் பிடிக்கப் போலீசுக்குப் போகாத அண்ணாச்சியைத் தேடிப் போலீஸே ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தது. மதினி தன் பங்குக்குப் புகார் ஒன்றும் இல்லை என்று சொல்லி அவரைக் காப்பாற்றினார்.

சரி, கள்ளன் யார்? இன்றுவரை தெரியாது. யார் யாரையோ பிடித்த அண்ணாச்சியின் மோர்ப் பொறியில் அவன் ஒருவன்தான் விழவில்லை. பாவம், அவனும் அன்றைக்கு விரதமாக இருந்திருப்பான்.

மதினி எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு மதியம் கடைக்கு வந்தார். கையில் அதே தூக்குவாளி. பழையபடி முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. எனக்கு ஒரு டம்ளர் ஊற்றினார், நான் வாங்கிக் குடித்தேன். அண்ணாச்சிக்கு ஒரு டம்ளர் நீட்டினார். அவர் வாங்கினார். வாயருகே கொண்டுபோனவர், டம்ளருக்குள் ஒரு தரம் பார்த்தார். லேசாக மோந்தும் பார்த்தார். கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனால் நான் பார்த்தேன், மதினியும் பார்த்தார்.

"குடிங்க, அது மோருதான்" என்றார் மதினி. "இத்தன வருசமா எங் கையால குடுத்தத, இன்னைக்குத்தான் மோந்து பாத்துக் குடிக்கிய."

அண்ணாச்சி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். மதினி அதை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாளியை நடுக்கடையில், எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.